பச்சிளங்குழந்தைக்கு மூக்கடைத்தால்



ஐப்பசியில் மழை பிடித்தால் நமது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பெஞ்சுகள் போதாது. தாய்மார் தாழ்வாரத் தரையில் சேலையை விரித்து உட்கார்ந்துவிடுவார்கள். மடியில் இரண்டு மாதப் பிள்ளை, நான்கு மாதப் பிள்ளை. எந்த ஊரிலிருந்து வந்தாலும் அவர்கள் சொல்லுகிற குறை ஏறக்குறைய ஒன்றுதான். "மூக்கு அடைச்சிருக்கு ஐயா. பால் குடிக்க மாட்டேங்கான். ராத்திரி பூரா உறக்கம் இல்ல."

இதை எழுதுகிற நாங்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்ல. படுக்கை படுக்கையாகச் சென்று விசாரித்து, ஜெபித்து, ஆறுதல் சொல்லுவது எங்கள் ஊழியம். ஆனாலும் நமது குழந்தை மருத்துவர்களும் சிஸ்டர்மாரும் தாய்மாருக்கு நாள்தோறும் சொல்லிக்கொடுப்பதை அருகில் நின்று பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறோம். அதை ஒழுங்குபடுத்தி, அவர்களிடம் காட்டிச் சரிபார்த்து, இங்கே எழுதுகிறோம். உங்களில் அநேகர் இன்று தாத்தா பாட்டிமார். பிள்ளைப்பேற்றுக்கு மகள் வீட்டுக்கு வந்திருக்கும்போது உங்கள் சொல்லுக்கு மதிப்பு உண்டு. ஆகவே இந்தச் செய்தி முதலாவது உங்களுக்கே உரியது.

சொல்ல வேண்டியது மூன்றே காரியம். மூக்கைத் திறந்துவிடுங்கள். சிரப் பாட்டிலைத் திறக்காதிருங்கள். மூச்சை எண்ணுங்கள். இவற்றின் காரணத்தையும் விதத்தையும் கீழே விளக்குகிறோம்.

சாதாரணச் சளிக்கு இவ்வளவு அழுகை ஏன்?

பெரியவர்களுக்கு மூக்கடைத்தால் வாயால் மூச்சு விடுவோம். பிறந்து சில மாதங்கள் வரை குழந்தை பெரும்பாலும் மூக்கால் மட்டுமே மூச்சு விடுகிறது. வாயால் மூச்சு விடும் பழக்கம் அதற்கு எளிதாக வருவதில்லை. இது குறையல்ல. பால் குடித்துக்கொண்டே மூச்சும் விடுவதற்கு ஏற்றபடி அதன் தொண்டை அமைந்திருக்கிறது. குரல்வளை நம்மைவிட மேலே இருப்பதால், வாயில் பாலும் மூக்கில் காற்றும் ஒரே சமயத்தில் தடையின்றிச் செல்லுகின்றன.

ஆனால் அந்த மூக்குத் துவாரம் மிகச் சிறியது. உள்ளே மெல்லிய வீக்கம் வந்தாலும், ஒரு பொட்டுச் சளி காய்ந்து ஒட்டினாலும் பாதி வழி அடைபட்டுப் போகும். அப்போது குழந்தை மார்பைக் கவ்வும், இரண்டு வாய் உறிஞ்சும், மூச்சு முட்டி விட்டுவிடும், அழும். பசியினால் மறுபடியும் கவ்வும், மறுபடியும் விடும். பார்க்கிறவர்கள், "தாய்க்குப் பால் பத்தவில்லை" என்று முடிவு கட்டிப் புட்டிப்பாலைக் கையில் எடுப்பார்கள். தாயிடம் பால் இருக்கிறது. குழந்தைக்குப் பசியும் இருக்கிறது. இடையில் மூக்கு அடைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறந்த முதல் சில வாரங்களில் எந்த நோயும் இல்லாமலே குழந்தை அடிக்கடி தும்மும். மூக்கில் "கொர்கொர்" என்ற சத்தமும் இருக்கும். நன்றாகப் பால் குடித்து, நன்றாக உறங்கி, எடையும் ஏறுகிற பிள்ளைக்கு அந்தச் சத்தத்திற்காக எதுவும் செய்ய வேண்டியதில்லை.

சளி எங்கிருந்து வருகிறது?

வார்டில் எங்கள் மனதை அதிகமாக வருத்துகிற காரியம் இது. குழந்தைக்குச் சளி பிடித்தவுடன் வீட்டார் குற்றவாளியைத் தேடுகிறார்கள். அநேகமாக அது தாயாகத்தான் இருக்கும். "நீ வாழைப்பழம் தின்னே, தலைக்குக் குளிச்சே, ஈரத் தலையோட பால் கொடுத்தே" என்று மாமியாரும் நாத்தனாரும் சொல்லுவார்கள். அந்தப் பெண் ஏற்கெனவே மூன்று இரவு உறங்காதவள். கட்டிலின் ஓரத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். சில வீடுகளில் தயிர், மோர், பழம், கீரை எல்லாவற்றையும் நிறுத்தி, ரசமும் சோறுமாக அவளை வாட்டிவிடுகிறார்கள்.

சளியை உண்டாக்குவது வைரஸ் என்னும் கண்ணுக்குத் தெரியாத கிருமி. சளியைக் கொண்டுவரும் வைரஸ்களில் 200-க்கு மேற்பட்ட வகைகள் உண்டு. அவற்றில் ரைனோ வைரஸ் என்பது மிகச் சாதாரணமானது. சளி பிடித்த ஒருவரின் தும்மலிலும் இருமலிலும் கைகளிலும் இருந்து அது குழந்தைக்குப் போய்ச் சேருகிறது. தாய் தின்ற வாழைப்பழம் பாலில் இறங்கிச் சளியாகாது. பால் கொடுக்கிற தாய் வயிறார உண்ணவேண்டும், பழமும் கீரையும் தாராளமாகச் சாப்பிட வேண்டும், குளிக்கவும் வேண்டும். ஆகவே தாயைக் குற்றப்படுத்துவதை இந்தச் சிகிச்சையின் முதல் படியாக நிறுத்திவிடுவோம்.

குழந்தைக்கு வருடத்தில் 6 முதல் 8 முறை சளி பிடிப்பது வழக்கமே. அதன் உடல் ஒவ்வொரு கிருமியையும் முதன்முறையாகச் சந்திக்கிறது. இரண்டாம் மூன்றாம் நாள் அதிகமாகி, 7 முதல் 10 நாளில் சளி தானாகவே குறைந்துவிடும். இருமல் மட்டும் இன்னும் ஒரு வாரமோ இரண்டு வாரமோ நீடிக்கலாம். முதலில் தண்ணீராக ஒழுகுகிற மூக்குச்சளி பின்பு கெட்டியாகி, மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும். நிறம் மாறியதற்காக ஆன்டிபயாடிக் மருந்து தேவையில்லை. அது பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து. வைரஸை அது ஒன்றும் செய்யாது.

மூக்கைத் திறப்பது எப்படி?

இதற்கு வேண்டியது உப்புநீர். மருந்துக்கடையில் "நார்மல் சலைன்" மூக்குச் சொட்டு என்று கேட்டால் கிடைக்கும். வாங்கும்போது ஒரு எச்சரிப்பு: அட்டையில் சோடியம் குளோரைடு என்று மட்டும் இருக்கவேண்டும். பெரியவர்களுக்கான சில மூக்குச் சொட்டுகளில் ஆக்ஸிமெட்டாசோலின், சைலோமெட்டாசோலின் என்ற மருந்துகள் இருக்கும். அவை கைக்குழந்தைக்கு மயக்கத்தை உண்டாக்கி, இருதயத் துடிப்பையும் மூச்சையும் மந்தமாக்கக்கூடியவை. தாத்தாவின் மேசையில் இருக்கிற சொட்டு மருந்தைப் பேரனுக்கு விடவேண்டாம்.

கடை தூரமாக இருந்தால் வீட்டிலும் செய்துகொள்ளலாம். கால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, அதில் தலைதட்டின அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாகச் சுத்தமான தூள் உப்பைக் கரைக்கவேண்டும். கண்ணீரின் உப்புக்குமேல் கரிக்கக்கூடாது. அன்றன்று புதிதாகச் செய்து, மீதியை மறுநாள் கொட்டிவிடவேண்டும்.

பால் கொடுப்பதற்கு 10 அல்லது 15 நிமிடம் முன்னதாகக் குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, தலையை லேசாகப் பின்னுக்குச் சாய்த்து, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். சொட்டுமருந்துக் குழாயை உள்ளே நுழைக்கவேண்டாம். அரை நிமிடம், ஒரு நிமிடம் பொறுத்திருங்கள். காய்ந்த சளி இளகும். குழந்தை தும்மினால் நல்லது, பாதி வேலையை அதுவே முடித்துவிட்டது.

பிறகு மெல்லிய பழைய பருத்தித் துணியைச் சுத்தமாகத் துவைத்து உலர்த்தி, விளக்குத்திரி போல முறுக்கி, நுனியை உப்புநீரில் நனைத்து, மூக்கின் வாசலில் வைத்து மெதுவாகத் திருப்பி எடுங்கள். சளி திரியோடு ஒட்டிக்கொண்டு வரும். உலக சுகாதார நிறுவனம் கைக்குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற எளிய முறை இதுவே. இதற்குக் காசு செலவில்லை. பஞ்சு சுற்றிய குச்சியை மூக்கில் விடக்கூடாது.

சளியை உறிஞ்சும் ரப்பர் பல்பும் கடையில் கிடைக்கிறது. அதை முதலில் அமுக்கிக் காற்றை வெளியேற்றியபின் மூக்கின் வாசலில் வைத்து, மெல்ல விடவேண்டும். மூக்கில் வைத்தபின் அமுக்கினால் சளி உள்ளே தள்ளப்படும். ஒருநாளில் நாலு தடவைக்கு மேல் வேண்டாம். அடிக்கடி உறிஞ்சினால் மூக்கின் உட்புறம் புண்ணாகி இன்னும் வீங்கும். ஒவ்வொரு முறையும் பல்பைச் சோப்புநீரால் கழுவி உலர்த்துங்கள். வாயை வைத்து ஊதுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். நமது வாயிலுள்ள கிருமிகள் குழந்தைக்குப் போய்விடும்.

பாலும் அரவணைப்பும்

மூக்கு திறந்தவுடன் பால் கொடுங்கள். சளி இருக்கும்போது குழந்தையால் ஒரே மூச்சில் வயிறு நிறையக் குடிக்க முடியாது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்கவேண்டும். தலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக் கொடுத்தால் மூச்சு விட எளிதாக இருக்கும். தாய்க்கே சளி பிடித்திருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. அந்தச் சளியை எதிர்க்கும் சக்தி அந்தப் பாலிலேயே இருக்கிறது. தாய் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு கொடுத்தால் போதும்.

6 மாதம் நிறையும்வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம். உரை மருந்து, வசம்பு, கற்பூரவல்லிச் சாறு, வெந்நீர் எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுவரை கூடவே கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைத் தளரச்செய்யும் விஷத்தை உண்டாக்கும். ஒரு வயது கடந்த பிள்ளைக்கு இருமல் இருந்தால் இரவில் அரைத் தேக்கரண்டி தேன் கொடுக்கலாம்.

இரவில் குழந்தை படுக்கையில் கிடந்து அழுதால் தூக்கித் தோளில் சாய்த்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்த நிலையில் சளி கீழே இறங்கி, மூச்சு எளிதாகும். தாயின் மார்போடு சேர்த்து அணைக்கும்போது அந்தச் சூட்டிலும் இருதயத் துடிப்பின் சத்தத்திலும் குழந்தை அமைதியடைகிறது. மெல்லத் தட்டிக் கொடுத்து, தாழ்ந்த குரலில் பாடுங்கள். நல்ல ராகம் வேண்டும் என்பதில்லை, தெரிந்த குரலாக இருந்தால் போதும். இந்த வேலை தாய்க்கு மட்டும் உரியதல்ல. தகப்பனும் தாத்தாவும் பாட்டியும் முறைபோட்டுத் தூக்கினால் தாய் இரண்டு மணி நேரம் உறங்குவாள். அது அவளுக்கும் அவள் பாலுக்கும் நல்லது.

உறங்கினபின் குழந்தையைத் தட்டையான, உறுதியான படுக்கையில் மல்லாக்கப் படுக்கவைக்க வேண்டும். தலையணை வேண்டாம். சேலைத் தொட்டில் நமக்குப் பிரியமானதுதான். ஆனால் அது ஆழமாகத் தொய்ந்து, தாடை நெஞ்சில் இடிக்கும்படி கழுத்து மடங்கினால், ஏற்கெனவே மூக்கடைத்த குழந்தைக்கு மூச்சுவழி இன்னும் குறுகும். சளி தீருமட்டும் பாய்ப்படுக்கையே நல்லது. அடுக்கடுக்காகப் போர்த்தவும் வேண்டாம். நாம் உடுத்தியிருப்பதைவிட ஒரு துணி அதிகமாக இருந்தால் போதும்.

அன்பினால் செய்யப்படுகிற தீங்குகள்

கீழ்க்கண்டவற்றைச் செய்கிறவர்கள் எல்லாரும் அன்பினால்தான் செய்கிறார்கள். ஆகவே யாரையும் கடிந்துகொள்ளாமல் காரணத்தை மட்டும் சொல்லுகிறோம்.

மூக்கில் எண்ணெய் விடுதல்: எண்ணெய்க்குளியின்போது மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் இருக்கிறது. தண்ணீர் மூச்சுக்குழாயில் போனால் குழந்தை இருமி வெளியே தள்ளும். எண்ணெயோ இருமலை எழுப்பாமலே வழுக்கி நுரையீரலுக்குள் இறங்கிவிடக்கூடும். அதனால் வருகிற நிமோனியா எளிதில் குணமாகாது.

கற்பூரம்: எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சி நெஞ்சில் தடவுகிறார்கள், துணியில் முடிந்து கழுத்தில் கட்டுகிறார்கள். கற்பூரம் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடலில் சேரும். கைக்குழந்தைக்கு அது வலிப்பை உண்டாக்கக்கூடிய பொருள். கடைகளில் விற்கும் நெஞ்சுத் தைலங்களிலும் கற்பூரமும் மென்தாலும் இருப்பதால், 2 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அவற்றைத் தடவக்கூடாது.

சாம்பிராணிப் புகை: குளிப்பாட்டியபின் பிள்ளைக்குப் புகை காட்டுவது காலங்காலமாக இருக்கிறது. தலை காய்வதற்கு உலர்ந்த துண்டு போதும். புகை வீங்கின மூக்கை இன்னும் வீங்கச் செய்யும். விறகடுப்புப் புகை, கொசுவர்த்திப் புகை, பீடி சிகரெட் புகை எல்லாவற்றிற்கும் இதுவே பொருந்தும்.

ஆவி பிடித்தல்: கொதிக்கும் பாத்திரத்தின் அருகில் கைக்குழந்தையைக் கொண்டுபோக வேண்டாம். ஆவியினால் வரும் பயன் சிறிது. வெந்நீர் கவிழ்ந்தால் வரும் கேடு ஆயுசுக்கும் இருக்கும்.

சிரப் பாட்டிலைப் பற்றி

"ஐயா, மருந்தே எழுதிக் கொடுக்காம அனுப்புதாங்க" என்று சில தாய்மார் எங்களிடம் வந்து வருத்தப்படுவதுண்டு. பஸ் ஏறி, கூலிவேலையை விட்டு வந்தவர்களுக்கு வெறுங்கையோடு திரும்புவது ஏமாற்றமாகத்தான் இருக்கும். அந்தச் சீட்டில் மருந்து இல்லாததுதான் மருத்துவரின் அக்கறை என்பதை நாங்கள் அவர்களுக்கு விளக்குகிறோம்.

சளி இருமல் சிரப்புகள் கைக்குழந்தையின் சளியை ஒருநாள்கூட முன்னதாகக் குணமாக்குவதில்லை. அவற்றிலுள்ள மருந்துகள் மிதமிஞ்சின தூக்கத்தையும், படபடப்பையும், சில வேளைகளில் மூச்சு மந்தத்தையும் உண்டாக்கும். குளோர்பெனிரமினும் பினைல்எப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கொடுக்கக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

2025-ல் நடந்ததை நாம் மறக்கமுடியாது. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் சாதாரணச் சளி இருமலுக்காகச் சிரப் குடித்த பிள்ளைகளுக்குச் சிறுநீர் நின்றுபோயிற்று. சிறுநீரகம் செயலிழந்து 20-க்கு மேற்பட்ட பிள்ளைகள் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயதுக்கு உட்பட்டவர்கள். அந்தச் சிரப் தயாரானது நம்முடைய காஞ்சிபுரம் மாவட்டத்தில். பரிசோதித்தபோது அதில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சுப்பொருள் 48.6 சதவீதம் இருந்தது. 0.1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாத பொருள் அது. சிரப்பில் மருந்தைக் கரைப்பதற்கென்று சேர்க்கும் திரவத்தின் வழியாக இந்த நஞ்சு கலந்துவிடுகிறது. பார்வைக்கும் ருசிக்கும் வித்தியாசம் தெரியாது. 2022-ல் காம்பியா நாட்டில் சுமார் 70 பிள்ளைகள் இதேவிதமாக இறந்தார்கள். 1937-லேயே அமெரிக்காவில் இதே நஞ்சு கலந்த மருந்தினால் 100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள்.

2025 அக்டோபரில் மத்திய அரசின் சுகாதாரத் துறை, 2 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குச் சளி இருமல் மருந்துகளை எழுதவோ கொடுக்கவோ கூடாது என்றும், 5 வயதுவரை பொதுவாக அவை வேண்டாம் என்றும் அறிவுறுத்தியது. சிந்த்வாராவின் தாய்மாரும் அன்பினால்தான் அந்தச் சிரப்பைக் கரண்டியில் ஊற்றினார்கள். தானாகவே ஆறியிருக்கக்கூடிய ஒரு சளிக்காக அந்தப் பிள்ளைகள் போய்விட்டார்கள் என்பதை நினைக்கும்போது நெஞ்சு பதறுகிறது.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் கொடுப்பதானால் மருத்துவர் எடை பார்த்துச் சொன்ன அளவில் மட்டுமே கொடுக்கவேண்டும். சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. வழக்கமாகச் சொட்டு மருந்தில் 1 மில்லியில் 100 மில்லிகிராமும், சிரப்பில் 5 மில்லியில் 125 மில்லிகிராமும் இருக்கும். சிரப்பின் அளவில் சொட்டு மருந்தை ஊற்றினால் நான்கு மடங்கு போய்விடும்.

மூச்சை எண்ணுங்கள்

பத்தில் ஒன்பது பேருக்குச் சளி சளியாகவே வந்து போகும் என்று நினைத்து நாம் நிம்மதியாக இருந்துவிடவும் கூடாது. சில பிள்ளைகளுக்கு அது நெஞ்சில் இறங்குகிறது. 2019-ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் 5 வயதுக்கு உட்பட்ட சுமார் 7,40,000 பிள்ளைகள் நிமோனியாவினால் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லுகிறது. நமது வார்டில் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்கிற பிள்ளைகளின் தாய்மாரிடம் கேட்டால், "முதல்ல சாதாரணச் சளிதான் ஐயா" என்றே சொல்லுவார்கள். இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு வழி உண்டு. அதற்கு வினாடி காட்டும் ஒரு கடிகாரம் போதும்.

குழந்தை அழாமல், பால் குடிக்காமல், அமைதியாக இருக்கும்போது சட்டையை மேலே தூக்கி, வயிறும் நெஞ்சும் ஏறி இறங்குவதைப் பாருங்கள். ஒரு ஏற்றமும் ஒரு இறக்கமும் சேர்ந்து ஒரு மூச்சு. முழுதாக 60 வினாடி எண்ணவேண்டும். 15 வினாடி எண்ணி நாலால் பெருக்கினால் தவறிவிடும், ஏனென்றால் குழந்தையின் மூச்சு ஒரே சீராக இராது.

2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது முடியும்வரை 50 அல்லது அதற்கு மேல், ஒரு வயது முதல் 5 வயது முடியும்வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் அது வேகமான மூச்சு. 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 60-ஐத் தாண்டினால் மறுபடி ஒருமுறை எண்ணிப் பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கையோடு கூட இவற்றையும் கவனியுங்கள். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா எலும்புகளுக்குக் கீழே நெஞ்சு உள்வாங்குதல், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுதல், மூக்குத் துவாரம் விடைத்தல், உதடும் நாக்கும் நீலம்பாரித்தல், மார்பைக் கவ்வவே முடியாமை, குடித்ததையெல்லாம் வாந்தியெடுத்தல், வலிப்பு, எழுப்பியும் விழிக்காத சோர்வு. இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். 108-க்குப் போன் செய்தால் ஆம்புலன்ஸ் இலவசமாக வரும். 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு அக்குளில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 டிகிரி பாரன்ஹீட், அல்லது அதற்குமேல் சூடு இருந்தாலும், 35.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உடம்பு குளிர்ந்திருந்தாலும் உடனே காட்டவேண்டும்.

வருமுன் காப்பது

தடுப்பூசிகளைத் தவறவிடாதிருங்கள். நிமோனியாவை உண்டாக்கும் இரண்டு முக்கியமான பாக்டீரியாக்களுக்கு அரசே இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. அவற்றில் ஒன்றைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி 2011 டிசம்பரில் இந்தியாவிலேயே முதலாவதாகத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தொடங்கப்பட்டது. அது 6, 10, 14-ஆம் வாரங்களில் போடப்படுகிறது. நியூமோகாக்கல் ஊசி 2021-ல் நாடு முழுவதற்கும் வந்தது. அது 6-ஆம் வாரம், 14-ஆம் வாரம், 9-ஆம் மாதம் போடப்படுகிறது. சளி லேசாக இருக்கிறது என்பதற்காக ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை.

அடுத்தது நம் கைகள். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் கைக்குழந்தையைக் கண்டால் நமக்கு அடக்கமுடியாது. ஒரு கையிலிருந்து மறு கைக்கு, ஒரு முத்தத்திலிருந்து மறு முத்தத்துக்கு அந்தப் பிள்ளை சபையெல்லாம் சுற்றி வரும். ஞானஸ்நான நாளில் சொல்லவே வேண்டாம். சளி பிடித்தவர்கள் தூர நின்று ஆசீர்வதிக்கலாம். மற்றவர்கள் கையைக் கழுவி வாங்கி, முகத்தில் முத்தமிடாமல் பாதத்தைத் தொட்டுக் கொஞ்சலாம். அந்தப் பிள்ளையின் தாய் வெட்கத்தினால் இதைச் சொல்லமாட்டாள். நாமே அறிந்து நடந்துகொள்வது அவளுக்கு உதவி.

அன்பானவர்களே, உங்கள் உதவியினால் இந்த வார்டில் ஆக்ஸிஜனும் மருந்தும் படுக்கையும் இருக்கின்றன. அவை எப்போதும் தேவை. ஆனால் அநேகப் பிள்ளைகள் அந்தப் படுக்கைக்கு வராமலே காக்கப்படலாம். வரவேண்டியவர்கள் ஒருநாள் முந்தி வரலாம். உங்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ, வீட்டு ஜெபக்கூட்டத்திலோ இந்தப் பக்கத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடித்தபின், கூட்டத்தில் உறங்குகிற ஒரு குழந்தை இருந்தால், தாயின் சம்மதத்தோடு அதன் மூச்சை எல்லாருமாகச் சேர்ந்து ஒரு நிமிடம் எண்ணிப் பாருங்கள். நல்ல சுகமுள்ள மூச்சு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கண்டவர்களுக்குக் கெட்ட மூச்சைக் கண்டுகொள்ள அதிக நேரம் ஆகாது.

கர்த்தருடைய பணியில்,
மருத்துவமனைக் குருவானவர்